பர்மாக்காரனின் பொங்கல்படி

மட்டாஞ்சேரி பாண்டிக்குடியில் சந்தனமாரியின் மாவுக்கடையைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. காலையில் கிரைண்டர் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். முன்னால் ஒரு ஷட்டர், அதற்குப் பின்னால் கிரைண்டர்கள், அதற்கும் பின்னால் குடும்பம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே புகுந்து கிரைண்டர் காலை நனைத்துவிட்டுப் போகும். ஒரு வருசம் அவள் புருஷன் பலவேசம் செங்கல் அடுக்கி எல்லாவற்றையும் உயர்த்தி வைத்தான். தண்ணீரும் விடவில்லை, அந்த வருசம் அதுவும் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்து, ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருந்த பலவேசத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள் சந்தனமாரி. ஹோட்டல்காரன் மூடிவிட்டுப் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மாவரைக்க உட்கார்ந்தார்கள். அவள் மாவரைப்பதைப் பார்க்க வேண்டும். உளுந்தை ஓடவிட்டுத் தண்ணீரைக் கையால் தெளிப்பாள், ஊற்றவே மாட்டாள். நடுவில் விரலை விட்டு எடுத்து, மாவு விரலிடுக்கில் காற்றோடு நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால்தான் நிறுத்துவாள். இந்தப் பொறுமை இருக்கிற கடை மட்டாஞ்சேரியில் வேறு ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

வாங்க வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். சேர்லாய் பக்கத்துக் கொங்கணி வீடுகள், பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், இரண்டு மூன்று சாயாக்கடைகள். சாயங்கால பஸ்ஸில் இடக்கொச்சியிலிருந்து இறங்குகிற பெண்கள் ஒரு கூட்டம். இறால் தோலுரிக்கும் ஷெட்டுகளில் ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கைவைத்து நின்றவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போய் அரைக்கிற தெம்பு இருக்காது. பாக்கெட்டை வாங்கும்போது அவர்கள் விரல் நுனி வெள்ளையாகச் சுருங்கியிருக்கும்.

இத்தனை பேரும் வாங்கக்கூடிய விலையில் மாவு கொடுக்க முடிந்ததற்குக் காரணம் பர்மா உளுந்து. அந்த நாட்டுக்கு இப்போது பெயர் வேறு என்று மகள் தன்யா பலதடவை சொல்லிவிட்டாள். பஜார் ரோட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பு ஒரு சமயம் உளுந்து விலை தாறுமாறாக ஏறியது. சந்தனமாரி வேறு வழியில்லாமல் உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டினாள். தோசை விறைத்தது. வாங்கினவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வராமல் இருந்துவிட்டார்கள். அப்புறம்தான் வெளிநாட்டு உளுந்தை வரி இல்லாமல் இறக்கலாம் என்று உத்தரவு வந்து, பர்மா மூட்டைகள் பஜார் ரோட்டில் இறங்கி, கடை பிழைத்தது.

அதே உளுந்தைத்தான் ஊரில் அவள் அண்ணன் முப்பிடாதி விதைக்கிறான். பர்மா மூட்டை இறங்க இறங்க அவன் உளுந்துக்கு விலை படுத்தது. தங்கச்சி எதை அரைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

வாய் திறக்காமலே ஓடியதற்குக் காரணம் பொங்கல்படி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தை பிறக்கும்முன் பிறந்த வீட்டிலிருந்து பச்சரிசி, வெல்லம், கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் போய் இறங்க வேண்டும். இறங்கினால்தான் அவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்குப் பிறகு முப்பிடாதி ஒரு வருசமும் விட்டதில்லை. மழை பொய்த்த வருசமும் கொண்டுவந்தான், மழை பெய்து கெடுத்த வருசமும் கொண்டுவந்தான். ஆரியங்காவு வழி வருகிற காய்கறி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். சாமான்களோடு ஒரு மூட்டை புது உளுந்தும் இருக்கும், தொலியோடு உடைத்தது. போகியன்று சாயங்காலம் அதை ஊறவைப்பார்கள். பொங்கலன்று காலையில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கூடவே உட்கார்ந்து தொலி கழுவுவார்கள். எவ்வளவு கழுவினாலும் கருப்புத் தொலி கொஞ்சம் தங்கும். அந்த மாவில் சுட்ட இட்டலிக்கு மட்டாஞ்சேரியில் புள்ளி இட்டலி என்று பெயர். பொங்கல் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளெல்லாம் அன்றைக்குப் பாத்திரம் கொண்டுவந்து நிற்கும். அன்று சந்தனமாரி யாரிடமும் காசு வாங்கமாட்டாள். எங்க அண்ணன் உளுந்து என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பாள்.

இந்த ஏற்பாட்டில் கங்கா டீச்சர் வந்து விழுந்தாள். வேண்டுமென்று விழவில்லை.

கங்கா டீச்சர் சேர்லாய்க்காரி. பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து சில தலைமுறை ஆகிவிட்ட குடும்பம். எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாள். காலையில் வாட்டர் மெட்ரோ பிடிக்கக் குடையும் பையுமாக விடுவிடுவென்று போவாள். டிவி விவாதங்களுக்குக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கத்தும்போது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பாள். கத்தல் ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வாக்கியம் பேசுவாள். அந்த இரண்டு வாக்கியத்துக்காக பாண்டிக்குடியில் சாயாக்கடை முழுக்கக் காத்திருக்கும். அமெரிக்கா நம்மூர் இறாலுக்கு வரியை ஏற்றியபோது, அந்த வரியைக் கட்டப்போவது கப்பலில் இருப்பவன் இல்லை, இடக்கொச்சி ஷெட்டில் கை மரத்துப்போய் நிற்கிறவள்தான் என்று சொன்னாள். அந்த வீடியோத் துண்டை இடக்கொச்சிப் பெண்கள் எல்லோரும் போனில் வைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னபடியேதான் ஆனது. ஷெட்டுகளில் வேலை நாள் குறைந்தது. பெரிய பாக்கெட் வாங்கியவர்கள் சின்ன பாக்கெட்டுக்கு மாறினார்கள்.

கைதட்டல் வாங்கிய அதே வாய்தான் பிறகு வினையையும் கொண்டுவந்தது. உளுந்தை வரியில்லாமல் இறக்கும் உத்தரவு மார்ச்சோடு முடிகிறது, நீட்டலாமா கூடாதா என்று ஒரு விவாதம். இறாலுக்குச் சொன்ன நியாயத்தையே டீச்சர் உளுந்துக்கும் சொன்னாள். வரி போட்டால் முதலில் ஏழை வீட்டுத் தட்டில்தான் அடிக்கும், வேண்டுமானால் எங்கள் மட்டாஞ்சேரி மாவுக்கடையில் போய்க் கேளுங்கள் என்றாள். சேனல்காரர்கள் நிஜமாகவே கேட்க வந்துவிட்டார்கள். சந்தனமாரி தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு கை பர்மா உளுந்தை அள்ளிக் காட்டி, இது நல்லாப் பொங்கும், பாவப்பட்டவங்களும் வாங்கலாம் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். தெருவே அவளைப் பாராட்டியது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கீழே தமிழில் எழுத்துப் போட்டு அனுப்ப, அது மலை தாண்டிக் கரிசல் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மார்கழி நடுவில் அண்ணன் போன் செய்தான். டிவியில் பார்த்தேன் என்றான். சந்தனமாரி வெள்ளந்தியாக, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு. ஊரு மடத்துல உக்காந்து எல்லாருஞ் சேந்துதான் பாத்தோம். முப்பிடாதி தங்கச்சி என்ன அழகாப் பேசுதான்னு சொன்னாக." உடனே அடுத்ததையும் சொன்னான். "இந்த வருசம் படி வராது. ஒன் பர்மாக்காரன் கொண்டாந்து எறக்குவான். வாங்கி வச்சுக்கோ."

எப்போதும் தாயி என்று கூப்பிடுகிறவன், அன்றைக்கு ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை. அவள் போனை வைத்துவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். பலவேசம் வந்து பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

கடை போனால் இன்னொரு கடை வைக்கலாம் என்று நினைக்கிற மனுஷி அவள். அண்ணன் போனால் என்ன செய்வது? அந்த ஞாயிற்றுக்கிழமையே டீச்சர் வீட்டுப் படியேறினாள். டீச்சர் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதும் சந்தனமாரி உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தாள். பாதி ஆய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"டீச்சர், நீங்க சொன்னது தப்புன்னு டிவியில ஒருக்கச் சொல்லணும். எங்கண்ணன் எனக்குத் திரும்பக் கெடைக்கணும்."

கங்கா டீச்சர் நடந்ததையெல்லாம் கேட்டாள். முகம் வாடிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டவில்லை.

"தெத்துன்னு தோணினா இப்பவே சொல்லுவேன் சந்தனம். எனக்குத் தோணலையே. நாளைக்கு வரி போட்டா நீ பாக்கெட்டைச் சின்னதாக்குவாய். இடக்கொச்சியிலேர்ந்து வராளே, அவா வாங்கமாட்டா. இது எனக்கும் அறியும், உனக்கும் அறியும். உங்கண்ணாவுக்காக நான் பொய் சொன்னா, அப்பறம் நான் சொல்ற நெஜத்தை யார் நம்பப்போறா?"

"அப்ப எங்கண்ணன் என்ன ஆவான்?"

டீச்சர் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள்.

"அதாக்கும் நான் சொல்லாத பாதி. பாடத்துல ஒரு காரியம் உண்டு. கச்சவடத்தை, அதாவது வியாபாரத்தைத் தொறந்துவிட்டா ஜெயிக்கறவாளும் உண்டு, தோக்கறவாளும் உண்டு. ஜெயிச்சவாளுக்குக் கெடைக்கறது அதிகம். அதுலேர்ந்து தோத்தவாளுக்கு ஈடு குடுக்கலாம், குடுத்தாலும் மிச்சமிருக்கும், அதனால தொறக்கறது நல்லது. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ குட்டிகளைப் பாஸாக்கியாச்சு. குடுக்கலாம்னு இருக்கு. குடுத்தாளான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. அன்னிக்கு நானும் கேக்கலை."

சொல்லும்போது டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படித்தவர்கள் இப்படிக் கீழே பார்த்துப் பேசி சந்தனமாரி கண்டதில்லை. ஆனால் அவள் மனதில் அப்போது ஓடியது வேறு கணக்கு. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே ஜெயித்தது யார்? நான். டீச்சரே வழி சொல்லிவிட்டாளே என்று மனசு லேசாகி, ஆய்ந்த இலையை முறத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அடுத்த நாளே பஜார் ரோட்டுக்குப் போனாள். பச்சரிசி, வெல்லம், நல்ல ஏலக்காய், மிளகு. ஒரு நேந்திரங்குலை. அண்ணனுக்குக் கரைபோட்ட வேட்டி, மதினிக்கு ஒரு கசவுப் புடவை. எல்லாவற்றையும் புதுச் சாக்கில் கட்டித் தைத்தாள். பலவேசம் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். தங்கச்சி அண்ணனுக்குப் படி அனுப்புகிற கூத்தை எங்கேயும் கேட்டதில்லையே என்று இழுத்தான். டீச்சர் சொல்லிவிட்டாள் என்றாள் அவள். டீச்சர் சொன்னபிறகு பாண்டிக்குடியில் மேல்முறையீடு கிடையாது. மூட்டை காய்கறி லாரியில் ஏறி ஊருக்குப் போனது.

போகியன்று காலையில் அதே லாரி சந்துக்குள் வந்து நின்றது. முப்பிடாதி இறங்கினான். தோளில் அவள் தைத்தனுப்பிய அதே சாக்கு, தையல்கூடப் பிரிக்கவில்லை. கடை வாசலில் இறக்கி வைத்தான். உள்ளே வரவில்லை. பலவேசம் ஓடிவந்து, வாங்க மச்சான் என்று கையைப் பிடித்தான். கையை உருவிக்கொண்டான்.

"எட்டி, பொறந்த வீட்டுக்குப் படி அனுப்புனவ எவளாவது உண்டா? லாரிக்காரன் மூட்டைய ஊரு நடுவுல வந்து எறக்குதான். முப்பிடாதி வீட்ல அடுப்பெரியலையான்னு கேக்காக. ஒம் மதினி வெளிய தல காட்டாமக் கெடக்கா. டிவியில பேசுனத நான் பொறுத்துருவேன். இதப் பொறுக்கமாட்டேன். ஒன் வீட்ல நான் கை நனைக்கமாட்டேன்."

சந்தனமாரி மாவுக்கையோடு நின்றாள். கடைசியில் சொல்லத் தெரிந்ததைச் சொன்னாள்.

"டீச்சர் சொன்னாகண்ணே. ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்குக் குடுக்கணும்னு."

"நான் தோத்தேன்னு எவன் சொன்னான்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மாவு வாங்கத் தூக்குவாளியோடு வந்த கங்கா டீச்சருக்கும் கேட்டது. அவள் பத்தடி தள்ளித்தான் நின்றாள். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எத்தனை நிபுணர்கள் இப்படித் திரும்பிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்! டீச்சர் நேரே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அந்த டீச்சர் நானாக்கும். அவளைக் கோவிச்சுக்காதேங்கோ. தெத்து என்னோடது. குடுக்கணும்னு சொன்னேன். யார் குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு நான் யோசிக்கவே இல்லை. வாங்கறவா முகம் எப்படி ஆகும்னும் யோசிக்கலை."

முப்பிடாதி அவளை மேலும் கீழும் பார்த்தான். டிவியில் பெரிய ஆளாகத் தெரிந்தவள் நேரில் அவன் தோளுயரம்தான் இருந்தாள்.

"சரி டீச்சரம்மா. வரி போடக்கூடாதுன்னு சொன்னீகளே, அது தப்பா?"

"இல்லை. அது இப்பவும் சரின்னுதான் எனக்குத் தோணறது."

பலவேசம் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரன் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினான். ஒரு பொய், ஒரு அரைப்பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். முப்பிடாதிக்கே அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டை போட வந்தவன், போடவேண்டிய ஆள் இப்படி நின்றால் என்ன செய்வான்? அவன் குரல் இறங்கியது.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. படிச்சிருக்கீக. ஒலகத்துல எங்க என்ன வெளையுதுன்னு ஒங்களுக்குத் தெரியும். வாற பொரட்டாசியில நான் உளுந்து வெதைக்கவா வேண்டாமா?"

இதுதான் அவன் கேட்க வந்த கேள்வி. சாக்கு மூட்டையும் மானமும் வழியில் சேர்ந்தவை. லாரியில் இரவெல்லாம் இதைத்தான் உருப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று கேட்ட மாதிரியிலேயே தெரிந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கறியாது," என்றாள். "அறியும்னு சொன்னா அது நாணக்கேடு. பர்மாவுல மழை எப்படி, டில்லியில என்ன நெனைப்பா, எனக்கு அறியாது. அறியும்னு சொல்றவா வந்தா நம்பாதேங்கோ. நானே வந்து சொன்னாலும் நம்பாதேங்கோ."

"எங்க ஊருக்கு வாற ஏவாரியெல்லாம் தெரியும்னுதான் சொல்லுதான்," என்றான் முப்பிடாதி. "கச்சிக்காரனுந் தெரியுங்கான். தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"அறிஞ்ச ஒரு காரியம் உண்டு. நீங்கோ விதைக்கறது எப்போ?"

"பொரட்டாசி கடைசி. மழையப் பாத்து."

"வரி உண்டா இல்லையான்னு சேதி வரது எப்போ?"

"அதுக்கு என்ன கெடு? ஒரு வருசம் பூவெடுத்த பெறகு வருது. ஒரு வருசம் காய் முத்துன பெறகு வருது."

"அது தெத்து. அது நிச்சயமா தெத்து. போடறதோ போடாததோ, விதைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். சொன்னதை அறுக்கற வரைக்கும் மாத்தப்படாது. ஜனங்க தோசை மலிவா இருக்க நீங்கோ நஷ்டம் தாங்கறேள்னா அதுக்கு ஈடு உங்களுக்கு வரணும். தங்கச்சி வீட்டு மூட்டையா வரப்படாது."

"கவருமெண்டு குடுக்கட்டும், கணக்காக் கேட்டு வாங்குவேன். அது என் பாத்தியத. தங்கச்சி குடுத்தா வாங்கமாட்டேன்."

"இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றாள் டீச்சர். "இன்னிக்கு சாயங்காலம் டிவியில பட்ஜெட் பத்தி ஒரு சர்ச்சை. அதுல சொல்றேன். நீங்கோ இருந்து கேட்டுட்டுப் போகணும்."

சந்து முழுக்க ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அண்ணாச்சி, மிச்ச சாமானை எறக்கவா, இல்ல அப்படியே திரும்பக் கொண்டுபோகவா என்று கேட்டான்.

முப்பிடாதி காது கேளாதவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தான். பலவேசம் லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். கட்டுக் கரும்பு. பனங்கிழங்குக் கட்டு. மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம். ஒரு மூட்டை புது உளுந்து. எல்லாம் வழக்கம்போல.

"தங்கச்சி ஊருக்கு வெறுங்கையோட வர முடியுமா?" என்று யாரிடமோ எரிந்து விழுந்துவிட்டு, முப்பிடாதி உளுந்து மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். சந்தனமாரி அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நெஞ்சு நிறைந்து, சத்தமாக, தெரு பார்க்க அழுதாள்.

உள்ளே வந்தானே தவிர, சொன்ன சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. பகலெல்லாம் கறுப்புச் சாயாவும் இரண்டு பழமுமாக ஓட்டினான். சோறு போட்டதற்குப் பசியில்லை என்றான். பின்னால் கிணற்றடியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கினான். தன்யா மாமனிடம் தமிழும் மலையாளமும் கலந்து என்னென்னவோ பேசினாள்; பாதி புரியாவிட்டாலும் அவளுக்காகப் பனங்கிழங்கை உரித்து நாரெடுத்துக் கொடுத்தான். சாயங்காலம் உளுந்தைப் பெரிய குத்துப்போணியில் கொட்டித் தண்ணீர் விட்டு ஊறவைத்தார்கள். பிறகு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் காலையில் கட்டியிருந்த அதே வெள்ளைப் பருத்திப் புடவையில் இருந்தாள். விவாதத்தை நடத்துகிறவன் வரி வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றான். ஒரே வார்த்தையில் சொல்லித்தான் போனதடவை தப்பு செய்தேன் என்று ஆரம்பித்தாள் டீச்சர். தன்யா மாமனுக்காக ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இறக்குமதி வேண்டும் என்று இதே நாற்காலியில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் நான் சொன்னது பாதி, மீதி இது என்று காலையில் தெருவில் பேசினதை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய நிபுணர், மேடம் கட்சி மாறிவிட்டார்கள்போல என்று சிரித்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்தாள். இன்று ஒரு விவசாயி என்னிடம் உளுந்து விதைக்கவா வேண்டாமா என்று கேட்டார், எனக்குத் தெரியாது என்று சொன்னேன், உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கு இப்போது சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

பெரிய நிபுணர் தண்ணீர் குடித்தார். நடத்துகிறவன் விளம்பரம் போட்டான்.

முப்பிடாதி வாய்விட்டுச் சிரித்தான். ஊரில் மடத்தில் இப்போது எல்லோரும் பார்த்திருந்தால் எப்படி இருக்கும் என்றான். இது தமிழில் எழுத்துப் போட்டு வருமா என்று தன்யாவிடம் கேட்டான். நானே போட்டு அனுப்புகிறேன் மாமா, ஆனா எழுத்துப்பிழை வரும் என்றாள் அவள். சிரித்து முடித்ததும் முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு, தோசை ஊத்து என்றான்.

சந்தனமாரி கல்லைப் போட்டாள். மாவுப் பாத்திரத்தைத் திறந்தாள். கரண்டியை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். பேசாமல் ஊற்றியிருந்தால் அவனும் பேசாமல் தின்றிருப்பான். இத்தனை வருசமும் அப்படித்தானே ஓடியது. ஆனால் காலையில் தன் வாசலில் ஒருத்தி நின்ற நிலையைப் பார்த்த பிறகு அவளால் அது முடியவில்லை.

"அண்ணே, ஒன் உளுந்து இப்பத்தான் ஊறுது. காலையிலதான் அரைக்க முடியும். இருக்கது பர்மா மாவு. நாளைக்கழிச்சு கடையில அரைக்கப்போறதும் அதுதான். எனக்கு வேற வழி கெடையாது."

பலவேசம் டிவியைப் பார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். விளம்பரத்தில் யாரோ ஒருவன் பல்தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பிடாதி நகர்ந்து உட்கார்ந்து வாழையிலையைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஊத்து."

தோசை வெள்ளை வெளேரென்று, ஒரு கருப்புப் புள்ளி இல்லாமல் இலையில் விழுந்தது. கையால் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தான். துளைகளைப் பார்த்தான். உளுந்துக்காரன் பார்க்கிறமாதிரி பார்த்தான். வாயில் போட்டு மெதுவாக மென்றான். சந்தனமாரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"மாவு நல்லாத்தான் பொங்கிருக்கு," என்றான். இன்னொரு வாய் போட்டான். "இத வெதைச்சவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பால்லா."

"இருப்பாண்ணே."

"அந்தப் பர்மாக்காரன் ஒனக்கு ரெண்டாவது அண்ணனா இருந்துட்டுப் போகட்டும். கடைக்கு அவன் உளுந்தப் போடு. ஆனா மூத்தவன் நான். படி நாந்தான் கொண்டாருவேன். நீ அனுப்பக்கூடாது, கேட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். வாசலில் அந்தப் புதுச் சாக்கு தையல் பிரியாமல் அப்படியே கிடந்தது. அதை நாளைக்கு டீச்சர் வீட்டில் கொண்டுபோய் இறக்குங்கள் மாப்ள என்று பலவேசத்திடம் சொன்னான் முப்பிடாதி. டீச்சருக்கு எந்த முறையில் என்று பலவேசம் கேட்டான். முறையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், புள்ளி இட்டலியோடு சேர்த்துக் கொடுங்கள் என்றான்.

இலை காலியாகியிருந்தது.

"இன்னொண்ணு ஊத்து தாயி."

சந்தனமாரி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, கல்லில் மாவை ஊற்றினாள்.